மூணு தரம்

“திங்கட்கிழமையிலேர்ந்து சொல்லிட்டிருக்கேன், அண்ணன் ஞாயித்துக்கிழமை வர்றாரு, அந்த ரூமைக் காலி பண்ணுங்கன்னு. சுவத்துக்கிட்ட சொல்லியிருந்தா சுவராவது ஒரு ஓரமா நகர்ந்து உட்கார்ந்திருக்கும். நான் பேசறது உங்க காதுல விழுதா, இல்லையா?”

சொன்னது மனைவி. சொன்ன இடம் சமையலறை வாசல். சொல்லப்பட்டவர், சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் ஒரு ரேடியோப் பெட்டியின் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மனிதர். அந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்குப் பார்வை கொடுத்தவர். தன் வீட்டில் நடப்பது மட்டும் அவர் பார்வைக்கு வருவதில்லை.

திரும்பாமலே பதில் சொன்னார்.

“ஐந்து, ஒன்பது, ஒன்பது.”

கல்யாணமான நாள் முதலாக அந்த வீட்டில் அதிகம் புழங்கிய பதில் அது. குழாய் ஒழுகுகிறது என்றால் ஐந்து ஒன்பது ஒன்பது. இந்தத் திரைச்சீலை நிறம் நன்றாக இருக்கிறதா என்றால் ஐந்து ஒன்பது ஒன்பது. முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள் என்றால், ரேடியோவின் முகத்தைப் பார்த்து ஐந்து ஒன்பது ஒன்பது. மற்ற வீட்டுக் கணவன்மார் ‘ம்’ என்று ஓர் எழுத்தில் முடிப்பதை இவர் மூன்று எண்ணில் முடிப்பார். விஞ்ஞானம் தெரிந்தவர் இல்லையா.

வழக்கமாக மனைவி தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவாள். அன்று போகவில்லை. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, மின்கம்பிச் சுருளை நகர்த்திவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். இவ்வளவு நாளாக எனக்கு வாரி வழங்குகிறீர்களே, அந்த எண் என்னவென்று நானும் தெரிந்துகொள்கிறேன் என்றாள்.

கண்ணாடிக்காரருக்குப் புல்லரித்தது. யாராவது ரேடியோவைப் பற்றிக் கேட்டால், கேட்டவர் யார், எதற்குக் கேட்கிறார் என்பதெல்லாம் அவருக்கு மறந்துபோகும். கடையில் ஒரு பெரியவர், ‘இந்தக் கண்ணாடி போட்டா ரேடியோ முள்ளு தெரியுமா’ என்று கேட்டுத் தொலைத்து, கண் பரிசோதனைக்கு வந்தவர் காது புளித்துப் போனதும் உண்டு.

எனவே விளக்கினார். மோர்ஸ் என்பது உலகத்து மொழிகளையெல்லாம் பிழிந்து குறிலையும் நெடிலையும் மட்டும் மிச்சம் வைத்த பாஷை. ‘டிட்’ என்றால் குறில், ‘டா’ என்றால் நெடில். எங்கோ ஒருவர் அதை அடிப்பார், எங்கோ ஒருவர் கேட்பார். கேட்டவர் முதலில் செய்ய வேண்டிய காரியம், உன் சத்தம் எனக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று மூன்று தரமாகப் பிரித்து மார்க் போடுவது. முதல் தரம் தெளிவு, ஐந்துக்கு. இரண்டாம் தரம் பலம்; ஒன்பதுக்கு. மூன்றாம் தரம் நாதம், அதுவும் ஒன்பதுக்கு. புல்லாங்குழல் மாதிரி வந்தால் ஒன்பது. காய்ந்த கதவு மாதிரி கரகரத்தால் ஒன்று.

“அப்ப உலகத்துல எல்லாருமே புல்லாங்குழலா?” என்றாள் மனைவி. “நீங்க யாருக்கும் குறைச்சுப் போட்டு நான் கேட்டதே இல்லையே.”

அது ஒரு மரியாதை என்றார் கண்ணாடிக்காரர். உண்மையான மார்க்கை யார் போடுகிறார்கள்? ஒன்றுமே காதில் விழாவிட்டாலும் ஐந்து ஒன்பது ஒன்பது கொடுத்துவிட வேண்டியது. கொடுத்த கையோடு, ‘உங்க பேரு என்ன, மறுபடி சொல்லுங்க’ என்று கேட்க வேண்டியது.

“அதாவது, விழாததை விழுந்ததுன்னு சொல்றது.”

“மரியாதைம்மா.”

“எனக்கு இவ்வளவு நாளா கொடுத்ததும் மரியாதைதானா?”

கண்ணாடிக்காரர் ஒரு திருகைத் திருகினார். அது எதனுடைய திருகு என்று அவருக்கே தெரியாது.

மனைவி அதை வளர்க்கவில்லை. வேறு ஒரு சந்தேகம் கேட்டாள். “அந்த ஒம்பதைக்கூட முழுசா அடிக்கிறதில்லை போலிருக்கே. சுருக்கி இங்கிலீஷ் எழுத்து ‘என்’னு அடிச்சுடுறீங்களோ?”

“ஆமாம். ஒன்பதுன்னா நாலு நெடில், ஒரு குறில். யாரு அவ்வளவு அடிக்கிறது? ‘என்’னுன்னா ஒரு நெடில், ஒரு குறில். முடிஞ்சுது வேலை.”

“ஓ. அதானா,” என்றாள் அவள்.

ரொம்ப நாளாகப் பல்லில் சிக்கியிருந்தது வெளியே வந்துவிட்டது போன்ற ‘அதானா’ அது. கண்ணாடிக்காரர் அதைக் கவனித்திருக்க வேண்டும். நாள் முழுக்க, ‘இந்த எழுத்து தெளிவா, அந்த எழுத்து தெளிவா’ என்று ஊராரைக் கேட்கிறவர், தன் முன்னால் எழுதி ஒட்டியிருந்ததைப் படிக்கவில்லை. நாள் கெட்டுப்போனால் அப்படித்தான்.

எழுந்து போகும்போது மனைவி மறக்காமல் சொல்லிவிட்டுப் போனாள்: ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் ரூம் காலியாக வேண்டும்.

வரப்போகும் அண்ணன், அதாவது கண்ணாடிக்காரரின் மச்சான், தொழிலில் ஏலக்காரர். உடைந்த பஸ், மூடிப்போன ஓட்டலின் நாற்காலி, மூன்று காலில் நிற்கும் பீரோ, எதையும் மூணு தரம் கூவித் தள்ளிவிடும் தொண்டை. அந்தத் தொண்டையை அவர் வேலை முடிந்ததும் ஏலக்கூடத்தில் பூட்டிவிட்டு வருவதில்லை; வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். சாப்பாட்டு மேஜையில் உப்பு கேட்பதே, ‘உப்பு ஒரு தரம், உப்பு ரெண்டு தரம்’ என்றுதான். மூன்றாம் தரத்துக்குள் உப்பு வராவிட்டால் மேஜையில் சுத்தியல் விழுவதுபோல் கை விழும். அவர் வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பழுது பார்த்து முடியும் வரை தங்கை வீடு. கூரை பிரித்த கொத்தனார்கள் என்றைக்குச் சொன்ன நாளில் மூடியிருக்கிறார்கள்?

கண்ணாடிக்காரருக்கு அந்த அறை போனால் எல்லாம் போயிற்று. வேடிக்கையாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் அவர் எதிலும் முதல் மார்க் வாங்கியதில்லை. கடைக்கு வருகிறவர்கள் கண்ணாடியைப் போட்டுக் கண்ணாடியில் தங்களைப் பார்ப்பார்களே தவிர, கண்ணாடி போட்டுவிட்டவரைப் பார்த்ததில்லை. வீட்டுச் சங்கதி தெரிந்ததுதான். உலகத்தில் அந்த ஓர் இடத்தில்தான், அந்த ஒரு நாற்காலியில்தான், அவர் ஏதாவது சொன்னால் கடல் தாண்டி யாரோ ஒருவர் ‘கேட்டது ஐயா, நன்றாகக் கேட்டது’ என்று முழு மார்க் போடுவார். அது மரியாதை மார்க் என்று அவருக்கே தெரியும். மரியாதை வேறு எங்கிருந்து வருகிறது, சொல்லுங்கள்.

மனைவியிடம் முடியாது என்று நேராகச் சொல்லலாம். ஆனால் அதற்கு வேறு மனிதர் வேண்டும். எனவே அவர் ஒரு திட்டம் போட்டார்.

வேறு ஊரில் அவருக்கு ஒரு ரேடியோ சிநேகிதர் உண்டு, பல் டாக்டர். தினமும் சாயங்காலம், மனைவி சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கும் நேரத்தில், இவர்கள் இருவரும் குறிலும் நெடிலுமாக ஊர்க் கதை பேசுவார்கள். காதில் மாட்டும் ஹெட்போன் இவருக்கு ஒத்துக்கொள்ளாது, காது வேர்க்கும். அதனால் ஸ்பீக்கரைத் திறந்தே வைப்பார். இவர் அடிப்பதும் கேட்கும், அவர் அடிப்பதும் கேட்கும். கேட்டால் என்ன? அந்த வீட்டில் அது யாருக்குப் புரியும்? அடுத்த வீட்டில் சிள்வண்டு கத்துகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். மனைவி மேல் அவருக்கிருந்த மனக்குறைகளையெல்லாம் அவள் பத்தடி தூரத்தில் இருக்கும்போதே உரக்கச் சொல்ல வாய்த்த ஒரே கணவர் இந்தப் பூமியில் தானாகத்தான் இருக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு கர்வமே இருந்தது.

வானொலிக்காரர்கள் வட்டாரத்தில் மனைவிக்கு ஒரு சங்கேதப் பெயர் உண்டு. எக்ஸ் ஒய் எல். விரித்தால், முன்னாள் இளம்பெண். இதைக் கண்டுபிடித்தவருக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா, ஆகியிருந்தால் அதற்குப் பிறகு எவ்வளவு நாள் இருந்தார் என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் கண்ணாடிக்காரர் அந்தப் பெயரைத் தாராளமாகப் பயன்படுத்தினார். எக்ஸ் ஒய் எல் என் அறையைப் பிடுங்குகிறாள் என்று அடித்தார். எக்ஸ் ஒய் எல்லின் அண்ணன் ரோடு போடும் இயந்திரத்துக்கு அண்ணன் என்று அடித்தார். அப்புறம், வாழ்க்கையில் முதல்முறையாக, மரியாதை பார்க்காமல் மனைவிக்கு ஓர் உண்மையான மார்க் போட்டார். எக்ஸ் ஒய் எல்: ஐந்து, ஒன்பது, ஒன்று. தெளிவு முழுசு, பலம் முழுசு, நாதம் மட்டும் காய்ந்த கதவு.

ஸ்பீக்கரில் ஆறு குறில் வந்தது. மோர்ஸில் அதுதான் சிரிப்பு. பல் டாக்டர் சிரித்துக்கொண்டே இருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தட்டு கைநழுவி விழுந்தது.

திட்டம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை பல் டாக்டர் மனைவியின் கைபேசிக்குக் கூப்பிட வேண்டும். அலைவரிசைப் பாதுகாப்பு அலுவலகத்து அதிகாரி என்று சொல்லிக்கொள்ள வேண்டும். ரேடியோ இருக்கும் அறையில் யாராவது தங்கினால் கொத்துக் கொத்தாக முடி உதிரும் என்று எச்சரிக்க வேண்டும். மச்சானுக்கு உலகத்தில் தொண்டைக்கு அடுத்தபடியாகப் பிரியமானது தலைமுடி. மையிட்டு, எண்ணெயிட்டு, சட்டைப்பையில் ரெண்டு சீப்பு. முடி உதிரும் என்றால் அவர் பிரித்த கூரைக்குக் கீழேயே படுத்துக்கொள்வார்.

அடித்து முடித்தபோது கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கியது. தன் மூளையை நினைத்து.

ஞாயிற்றுக்கிழமை காலை, சொல்லிவைத்தபடி கைபேசி அடித்தது. மனைவி எடுத்தாள். கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். கண்ணாடிக்காரர் பேப்பரை விரித்து முகத்தை அதற்குள் நுழைத்துக்கொண்டார்.

பல் டாக்டர் குரலை மாற்றுவதற்காக வாயில் பஞ்சு வைத்திருந்தார். நோயாளிகளுக்குச் செய்ததைத் தனக்கே செய்துகொண்ட முதல் தடவை அது; பழக்கமில்லை. “அஃபைவயிசைப் பாஃபுகாப்பு அபீஃபயர் பேஃபுயேன்,” என்றார்.

“பார்டன்?” என்றாள் மனைவி, கான்வென்ட்டில் வளர்ந்த குரலில். “பலம் ஏழு இருக்கும் சார். தெளிவு ரெண்டுதான். வாயில என்ன இருக்கோ அதை எடுத்துட்டுப் பேசுங்களேன்.”

பேப்பருக்குப் பின்னால் கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு வந்தது. சொல்லிக்கொடுத்து நாலு நாள் ஆகவில்லை, எப்படிப் பிடித்துக்கொண்டாள் பார் என்று பெருமைகூடப் பட்டார்.

பஞ்சு நீங்கியது. அதிகாரி விஷயத்துக்கு வந்தார். அலைகள், அபாயம், முடி. மனைவி ‘அடடா, அடடா’ என்று கேட்டுக்கொண்டாள். நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி என்றாள். “அந்த ரூம்ல வருஷக்கணக்கா உட்கார்ந்த ஒருத்தரோட தலை இப்ப என் எதிர்லதான் இருக்கு. பேப்பருக்கு மேல தெரியுது. நிலைக்கண்ணாடியே தேவையில்லை, அதைப் பார்த்தே தலை வாரிக்கலாம்.”

பேப்பர் சற்று மேலே ஏறியது.

“அப்ப ஒரே ஒரு சந்தேகம் சார். அந்தப் பெட்டியையும் கம்பியையும் எடுத்துட்டா, அப்புறம் அந்த ரூம்ல ஆபத்து இருக்காது இல்லையா?”

இந்தக் கேள்வி திட்டத்தில் இல்லை. பல் டாக்டர் தடுமாறினார். அடிப்படையில் நேர்மையான மனிதர். சொத்தைப் பல்லைச் சொத்தை என்றுதான் சொல்லுவார். “இருக்காதுங்க. எடுத்துட்டா சுத்தமா இருக்காது,” என்று சொல்லிவிட்டார்.

“ரொம்ப நன்றி சார். இவருக்கு நான் சொன்னா ஏறாது. ஆபீசர் நீங்களே சொல்லிட்டீங்க.”

கைபேசி அணைந்தது. அந்த அறையும் அணைந்தது. மனைவி நேராகப் போய் சுவிட்சை நிறுத்தி, செருகியைப் பிடுங்கி, வயர்களைச் சுற்றத் தொடங்கினாள். கண்ணாடிக்காரர் பின்னாலேயே போய், அதிகாரிகள் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பிவிடலாமா என்று ஈனமாகக் கேட்டுப் பார்த்தார். ஏன், அவர் போலி அதிகாரியா என்றாள் அவள். அவர் இரண்டு பதிலையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். ஆமாம் என்றால், எப்படித் தெரியும் என்பாள். இல்லை என்றால், இந்த வயரைப் பிடியுங்கள் என்பாள்.

வயரைப் பிடித்தார்.

தன் கையாலேயே பெட்டியைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். ஏரியல் கம்பியைக் கழற்ற ஏணி கேட்டபோது, அது அங்கேயே இருக்கட்டும் என்றாள் மனைவி. மச்சான் வந்து இறங்கிக் குளித்து முடித்த கொஞ்ச நேரத்தில், கடல் கடந்த குரல்களைப் பிடித்துக்கொண்டிருந்த கம்பியில் மச்சானின் மூன்று பனியன்கள் காய்ந்தன.

மச்சானுக்கு ஒரே நெகிழ்ச்சி. “எனக்காகப் பெட்டியையே தூக்கிட்டீங்களாமே மாப்ளே. தங்கச்சி சொன்னா. இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்?” என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டார். தோளில் ஒரு தட்டு தட்டினார். தோள் அவருக்கு விற்றுப்போய்விட்டது என்றே கண்ணாடிக்காரருக்குத் தோன்றியது.

சாயங்காலம் ஆனது. அவருடைய நேரம். கை சும்மா இருக்கவில்லை. வெறும் சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்து, விரல் நுனியால் தட்டிக்கொண்டும் தேய்த்துக்கொண்டும் இருந்தார். தட்டினால் குறில், தேய்த்தால் நெடில். யாராவது இருக்கிறீர்களா, யாராவது இருக்கிறீர்களா. எல்லா வானொலிக்காரர்களும் பேச்சைத் தொடங்கும் அழைப்பு அது. மேஜை மரம். பதில் வராது என்று தெரிந்துதான் தட்டினார்.

வந்தது.

சமையலறையில் மனைவி கரண்டியால் வாணலியின் விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து தட்டு. நிறுத்தம். ஒரு நீள இழுப்பு, ஒரு தட்டு. நிறுத்தம். ஒரு தட்டு, நாலு நீள இழுப்பு.

பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டதைச் சுரண்டுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். காது அப்படி நினைக்கவில்லை. அது பாட்டுக்குப் பழக்கதோஷத்தில் படித்துவிட்டது. ஐந்து. சுருக்கிய ஒன்பது. ஒன்று.

கண்ணாடிக்காரரின் விரல் மேஜைமேல் பாதி நெடிலில் நின்றது.

தொடர்ந்து ஆறு தட்டு வந்தது. சிரிப்பு.

மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள். முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இல்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, யாரோ பக்கத்து வீட்டுச் சேதி சொல்வது போல் சொன்னாள். கான்வென்ட்டில் அவள் கைட்ஸ் என்ற சாரணியர் படைக்குத் தலைவி. மோர்ஸை விசிலில் அடிப்பார்கள், டார்ச்சில் அடிப்பார்கள், தப்பாக அடித்தால் சிஸ்டர் அடிப்பார்.

“பொண்ணு பார்க்க வந்தப்போ உங்கம்மா சமைக்கத் தெரியுமான்னு கேட்டாங்க. உங்கப்பா பாடத் தெரியுமான்னு கேட்டாரு. இதை யாரும் கேக்கலை. நீங்களும் இன்னிவரைக்கும் கேக்கலை.”

“அப்ப… எல்லாமேவா?” என்றார் கண்ணாடிக்காரர். அந்தக் குரலுக்குப் பலம் ஒன்று போட்டாலே அதிகம்.

“எல்லாமே. மத்தவங்க சீரியல் பார்த்துக்கிட்டுப் பாத்திரம் தேய்க்கிறாங்க. எனக்கு நீங்க. அந்த ‘என்’னு மட்டும்தான் இடிச்சுது, அதையும் அன்னிக்கு நீங்களே சொல்லிட்டீங்க.” கரண்டியைத் துடைத்தாள். “அண்ணன் போனதும் பெட்டியைத் தாராளமா எடுத்து வெச்சுக்குங்க. நான் ஏன் வேண்டாங்கப் போறேன்? எனக்கும் சாயங்காலம் பொழுது போகணுமே.”

அறையைப் பிடுங்கிக்கொண்டபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. இனி அந்த நாற்காலி திரும்பக் கிடைக்கும், பெட்டி கிடைக்கும், வானம் கிடைக்கும். அந்த வானத்தில் அவர் எதைச் சொல்ல முடியும்? நாளைக்கு வெயில் அடிக்குமா என்று பேசலாம். உடம்பு சௌக்கியமா என்று பேசலாம். என் மனைவி தங்கமானவள் என்று தினமும் ஒரு தடவை அடிக்கலாம், நிறுத்தி, தெளிவாக.

மனைவி எழுந்தாள். எழுந்தவள் ஏதோ நினைவு வந்ததுபோல் நின்றாள்.

“ஒண்ணே ஒண்ணுதாங்க இவ்வளவு வருஷமா எனக்குப் புரியவே இல்லை. அடிக்கடி ஒரு பேரு வருமே, எக்ஸ் ஒய் எல், எக்ஸ் ஒய் எல்னு. என்னைத்தான் சொல்றீங்கன்னு தெரியுது. அதுக்கு முழு அர்த்தம் என்ன?”

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததை மறுபடி துடைத்தார்.

“தங்கச்சி கேக்குதில்ல மாப்ளே,” என்றது அறைக்குள்ளிருந்து மச்சானின் குரல். “ஒரு தரம்.”

கண்ணாடிக்காரர் கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“ரெண்டு தரம்.”

“சொல்லுங்களேன்,” என்றாள் மனைவி.